ரூபாய்க்கு எத்தனை படி? 1967 தேர்தலும் ஒரு சோஷலிசச் சண்டையும்

தேர்தல் முடிவு வந்த மறுநாள் நம்மூரில் இரண்டு வகை ஆட்கள் கிளம்புவார்கள். ஜெயித்த கட்சிக்காரர், "மக்கள் எங்க கொள்கைக்கு ஓட்டுப் போட்டுட்டாங்க" என்பார். தோற்ற கட்சிக்காரர், "இலவசத்தைக் காட்டி மக்களை ஏமாத்திட்டாங்க" என்பார். கொஞ்ச நேரத்தில் பேச்சு ஒருபடி மேலே ஏறும். நாட்டைக் கெடுத்தது சோஷலிசமா, தனியார் முதலாளியா என்று போய் நிற்கும். அதற்கப்புறம் யாரும் யாரையும் கேட்பதில்லை.

இந்தச் சண்டையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு 1967-ம் வருஷ மதராஸ் தேர்தல் ஞாபகம் வருகிறது. சோஷலிசமா, சுதந்திரச் சந்தையா என்ற கேள்வியை இந்தியாவில் இவ்வளவு நேரடியாக ஒரு கட்சி முன்வைத்தது அந்தக் காலகட்டத்தில்தான். அந்தக் கேள்விக்கு மக்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று தேடிப் போனால், கதை எதிர்பார்க்கிற பாதையில் போவதில்லை. பல நாளாகச் சேர்த்து வைத்த குறிப்புகளை இங்கே ஒழுங்குபடுத்திப் பார்க்கிறேன்.

ஆவடியிலிருந்து ஆரம்பிக்கலாம். 1955 ஜனவரியில், சென்னைக்குப் பக்கத்தில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடியது. 'சோஷலிச பாணி சமுதாயம்' அமைப்பதே லட்சியம் என்று தீர்மானம் போட்டார்கள். அதையடுத்து 1956-ல் தொழிற்கொள்கைத் தீர்மானம், மகலனோபிஸ் வகுத்த இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம், பிலாய், ரூர்கேலா, துர்காபூர் உருக்காலைகள். 1959 ஜனவரியில் நாக்பூர் காங்கிரஸ் இன்னும் ஒரு படி மேலே போய், விவசாயத்தில் கூட்டுறவுக் கூட்டுப்பண்ணை வேண்டும் என்றது. நிலத்தைச் சேர்த்துப் பயிரிடுவது, உரிமைப் பங்குக்கு ஏற்ப விளைச்சலைப் பிரித்துக்கொள்வது என்பது திட்டம். சரண் சிங் அந்த மாநாட்டிலேயே எழுந்து எதிர்த்தார். நிலம் வைத்திருந்தவர்களுக்கு வயிற்றில் புளி கரைந்தது.

அதே வருஷம் ஜூனில் சென்னையில் சுதந்திரா கட்சி பிறந்தது. ராஜாஜிக்கு அப்போது எண்பது வயது. கவர்னர் ஜெனரலாக, உள்துறை அமைச்சராக, இரண்டு தடவை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்துவிட்டு, மனுஷன் எண்பதாவது வயதில் புதுக்கட்சி ஆரம்பிக்கிறார். ஆந்திர விவசாயிகளின் தலைவர் என்.ஜி. ரங்கா கட்சித் தலைவர். இளமையில் சோஷலிஸ்டாக இருந்து, பிறகு அதிலிருந்து முழுக்க விலகி வந்த மினூ மசானி பொதுச்செயலாளர். ராஜாஜி அன்றைய ஆட்சிமுறைக்கு வைத்த பெயர்தான் 'பெர்மிட் – லைசென்ஸ் – கோட்டா ராஜ்'. இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிற அரசியல் சொற்களில் அதுவும் ஒன்று.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்தது வெறும் கோஷமில்லை. 1951-ம் வருஷத் தொழில் வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, அட்டவணையில் உள்ள ஒரு தொழிலில் ஓரளவுக்கு மேற்பட்ட ஆலை தொடங்க லைசென்ஸ் வேண்டும். இருக்கிற ஆலையை விரிவுபடுத்தவும் லைசென்ஸ். இயந்திரம் இறக்குமதி செய்ய வேறு அனுமதி, பங்கு வெளியிட்டுப் பணம் திரட்ட வேறு அனுமதி. 1955-ல் அத்தியாவசியப் பொருள் சட்டம், 1958-ல் அரிசி ஆலைகளுக்குத் தனிச் சட்டம்.

இது பெரிய முதலாளிகளின் கஷ்டம் மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் தாத்தா சின்ன ஊரில் ஒரு ரைஸ் மில் வைத்திருந்தார். இன்னொரு ஹல்லர் போட அனுமதி கேட்டு எழுதிப் போட்டுவிட்டு, ஜில்லா தலைநகரத்துக்கு அவர் நடந்த நடை எங்கள் குடும்பத்தில் ஒரு கதையாகவே ஆகிவிட்டது. "கையெழுத்துப் போடறவனுக்கு நெல்லும் தெரியாது, அரிசியும் தெரியாது" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அதே வீட்டில்தான் எங்கள் பாட்டி கையில் ரேஷன் கார்டோடு வரிசையில் நின்றார். மில் வைத்திருந்தாலும், கூலிக்கு அரைக்கிற மில். வீட்டில் அரிசி குவிந்து கிடக்கவில்லை. தாத்தாவுக்கு அரசாங்கம் விலகினால் போதும். பாட்டிக்கு அரசாங்கம் கடையைத் திறந்தால் போதும். ரெண்டு பேரும் சொன்னது நியாயம்தான்.

ராஜாஜி சொன்னதன் சாரம் இது: அனுமதி கொடுக்கும் அதிகாரம் ஆளுங்கட்சியின் கையில் குவிந்தால், அந்த அனுமதியே தேர்தல் நிதியாக மாறும். லைசென்ஸ் வாங்கியவன் போட்டியில்லாமல் கொழுப்பான். வாங்காதவன் வெளியே நிற்பான். சோஷலிசம் என்ற பெயரில் வளர்வது ஏழையும் இல்லை, தொழிலும் இல்லை; கட்சியும் அதிகாரியும்தான். இந்த வாதத்தின் முதல் பாதிக்குப் பிற்காலத்து அனுபவம் ரொம்பவே சாட்சி சொன்னது. பெரிய தொழில் குடும்பங்கள் பல, சுதந்திரா பக்கம் சாயாமல் காங்கிரஸோடுதான் இருந்தன. ஜி.டி. பிர்லா வெளிப்படையாகக் காங்கிரஸ் ஆள். 'சோஷலிச' அரசின் லைசென்ஸ் முறை, ஏற்கெனவே உள்ளே இருந்த முதலாளிக்கு வேலியாகவும் பயன்பட்டது.

ஆனால் எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. அதைச் சொல்லாமல் போனால் கணக்கு சரியாக இருக்காது. 1943 வங்காளப் பஞ்சத்தைப் பார்த்த தலைமுறை அது. வியாபாரி கையில் அரிசியை விட்டால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குப் புத்தகச் செய்தி இல்லை, கண்ணால் பார்த்தது. தனியார் கையில் உருக்காலை கட்டும் அளவுக்கு முதலும் இல்லை. 1944-ல் டாட்டா, பிர்லா, புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ் முதலிய தொழிலதிபர்கள் சேர்ந்து எழுதிய பம்பாய்த் திட்டமே அரசாங்கத் திட்டமிடலையும் அரசு முதலீட்டையும் கேட்டது. அதில் கையெழுத்திட்ட ஏ.டி. ஷ்ராஃப், பன்னிரண்டு வருஷம் கழித்து பம்பாயில் சுதந்திரத் தொழில்முனைவுக்காக ஒரு மன்றம் ஆரம்பித்தார். இரண்டாவது திட்டத்தை ஆராய்ந்த பொருளாதார நிபுணர் குழுவில் பி.ஆர். ஷெனாய் ஒருவர் மட்டும்தான் மறுப்புக் குறிப்பு எழுதினார். அந்தக் காலத்தில் திட்டமிடலை ஆதரிப்பது கட்சி விஷயமாக இல்லை. படித்தவர்களின் பொதுப் புத்தியாகவே இருந்தது.

இன்னொரு பக்கம், சுதந்திரா கட்சியில் போய்ச் சேர்ந்தவர்கள் யார்? ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி, ராம்கர் ராஜா, ஒரிசாவின் பழைய சமஸ்தானத்துக்காரர்கள். ராஜஸ்தானிலும் ஒரிசாவிலும் பீகாரிலும் கட்சிக்கு ஓட்டுக் கொண்டுவந்தது சுதந்திரச் சந்தைத் தத்துவம் இல்லை. ராஜகுடும்பத்தின் மேலிருந்த பழைய விசுவாசம். "இது ராஜாக்கள், ஜமீன்தார்கள் கட்சி" என்று காங்கிரஸும் கம்யூனிஸ்டுகளும் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. மசானியும் ராஜாஜியும் எழுதியது ஒரு கட்சி. வடக்கே ஓட்டு வாங்கியது இன்னொரு கட்சி.

ராஜாஜி என்ற ஆளும் அப்படி ஒரே பெட்டிக்குள் அடங்குகிறவர் இல்லை. இதற்கு 1952-க்குப் போக வேண்டும். முதல் பொதுத்தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரஸுக்கு 375 இடங்களில் 152 தான். கம்யூனிஸ்டுகள் அறுபதைத் தாண்டியிருந்தார்கள். பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் கூட்டு சேர்ந்து ஆட்சி கேட்டன. கவர்னர் ஸ்ரீபிரகாசா, தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமனம் செய்து ஆட்சி அமைக்கக் கூப்பிட்டார். இன்றைக்கு நடந்தால் ஜனநாயகப் படுகொலை என்று போஸ்டர் ஒட்டியிருப்போம், அன்றைக்கும் பி. ராமமூர்த்தி நீதிமன்றம் வரைக்கும் போனார். கம்யூனிஸ்டுகளைப் பார்த்து, நான்தான் உங்கள் முதல் எதிரி என்று ராஜாஜி சட்டசபையிலேயே அறிவித்தார்.

பதவியேற்ற இரண்டு மாதத்தில், 1952 ஜூனில், அரிசிக் கட்டுப்பாட்டை எடுத்தார். யுத்த காலத்திலிருந்து ஜனங்கள் 'கண்ட்ரோல்' என்றே சொல்லிப் பழகிய ஏற்பாடு அது. ஊர் விட்டு ஊர் அரிசி கொண்டுபோக முடியாது. மூட்டையை மறைத்துக் கொண்டுபோய்ப் பிடிபடுவது அன்றாடக் காட்சி. டெல்லியில் உணவு அமைச்சராக இருந்த ரஃபி அகமது கித்வாய் துணை நின்றார். பயந்த அளவுக்கு விலை ஏறவில்லை. அரசாங்கக் கையிருப்பு இருந்தது. அடுத்த ஒன்றிரண்டு வருஷங்களில் நாடு முழுக்க நல்ல விளைச்சலும் கைகொடுத்தது. சந்தை ஆதரவாளர்கள் இன்றைக்கும் சொல்லிக் காட்டும் வெற்றி இது.

சரி, அதே வருஷம் ஆகஸ்டில் அதே ராஜாஜி என்ன செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் இல்லையா? தஞ்சாவூர் ஜில்லாவில் குத்தகைதாரர்களையும் பண்ணையாட்களையும் இஷ்டத்துக்கு வெளியேற்றக் கூடாது என்று அவசரச் சட்டம் கொண்டுவந்தார். பிறகு அது தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் என்று நிலைத்தது. மிராசுதார்களுக்கு அதில் கடுப்பு. கம்யூனிஸ்டுகளின் 'முதல் எதிரி', கம்யூனிஸ்டுகள் வருஷக்கணக்காகப் போராடிய ஒரு விஷயத்தைச் சட்டமாக்கினார். அதோடு, சாகும்வரை மதுவிலக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவரும் இவர்தான். குடிப்பதும் குடிக்காததும் அவனவன் இஷ்டம் என்று எந்தச் சுதந்திரச் சந்தைக்காரரும் வாதாடலாம். ராஜாஜியிடம் அந்தப் பேச்சு எடுபடாது.

இப்போது 1967-க்கு வரலாம்.

1965-லும் 1966-லும் அடுத்தடுத்து மழை பொய்த்தது. அமெரிக்கக் கப்பலில் வரும் கோதுமையை எதிர்பார்த்து நாடு இருந்தது. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். ஒரு டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ஆனது. மாநிலத்துக்கு மாநிலம் தானியம் போகத் தடை இருந்ததால், விளைந்த இடத்தில் விலை விழுந்தது, விளையாத இடத்தில் எகிறியது. இங்கே 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் காயம் வேறு ஆறவில்லை. இந்தச் சமயத்தில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதிதான் ரூபாய்க்கு மூன்று படி அரிசி. கேள்வி வந்தபோது, 'மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்று அதற்கு ஒரு விளக்கமும் கொடுத்தார்கள்.

கூட்டணியைப் பாருங்கள். அண்ணாவின் தி.மு.க., ராஜாஜியின் சுதந்திரா, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட், முஸ்லிம் லீக், பிரஜா சோஷலிஸ்ட், சம்யுக்த சோஷலிஸ்ட். வங்கிகளையும் பஸ்களையும் அரசுடைமையாக்க வேண்டும் என்கிறவர்களும், அரசாங்கம் வியாபாரத்திலிருந்து கையை எடுக்க வேண்டும் என்கிறவர்களும் ஒரே மேடையில். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் முதல் எதிரி என்று அறிவித்தவரும், அறிவிக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியும் ஒரே அணியில். காங்கிரஸை இறக்குவது ஒன்றுதான் பொதுவான கொள்கை. ராஜாஜி இதை ஒளித்துச் செய்யவில்லை. ஒரே கட்சி இருபது வருஷம் ஆள்வதே பெரிய நோய், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் அரிசி மானியத்தை அவர் முழுங்கிக்கொண்டார்.

முடிவு எல்லோருக்கும் தெரியும். தி.மு.க. 137, காங்கிரஸ் 51, சுதந்திரா 20, மார்க்சிஸ்ட் 11. விருதுநகரில் காமராஜரே ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். முதல்வர் பக்தவத்சலமும் தோற்றார். குண்டடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த எம்.ஜி.ஆர்., கழுத்துக் கட்டோடு இருக்கும் படத்தைப் போஸ்டராக ஒட்டியே பரங்கிமலையில் ஜெயித்தார். மக்களவையில் சுதந்திராவுக்கு 44 இடம். நாட்டிலேயே பெரிய எதிர்க்கட்சி. ஒரிசாவில் சிங் தேவ் தலைமையில் ஆட்சி, குஜராத்தில் பிரதான எதிர்க்கட்சி. பொதுக்கணக்குக் குழுவுக்கு எதிர்க்கட்சியிலிருந்து முதல் தலைவராக மசானி வந்தார்.

மறுநாளே ஆரம்பித்தது விளக்கம் சொல்லும் போட்டி. சோஷலிசத்தை மக்கள் நிராகரித்துவிட்டார்கள் என்று சுதந்திரா பத்திரிகைகள் எழுதின. காங்கிரஸ் உண்மையான சோஷலிசத்தைச் செய்யாததால்தான் தோற்றது என்று இடதுசாரிகள் சொன்னார்கள். இந்தியைத் திணித்ததால் தோற்றது என்று தி.மு.க. சொன்னது. பொய் வாக்குறுதியால் தோற்றோம் என்று காங்கிரஸ் சொன்னது. ஒரே ஓட்டுப்பெட்டியிலிருந்து நாலு கொள்கை கிளம்பி வந்தது!

தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவரத்தை எடுத்துப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. சட்டசபைத் தேர்தலில் காங்கிரஸ் வாங்கியது சுமார் 41 சதவீதம். தி.மு.க.வும் கிட்டத்தட்ட அதே 41. துல்லியமாகப் பார்த்தால் காங்கிரஸைவிட ஒரு இழை குறைவு. காங்கிரஸ் ஏறக்குறைய எல்லாத் தொகுதியிலும் நின்றது, தி.மு.க. 174-ல் மட்டும் நின்று மற்றதைத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டுக் கொடுத்தது. முந்தைய தேர்தல்களில் பிரிந்து கிடந்த எதிர்ப்பு ஓட்டு இப்போது ஒரே இடத்தில் விழுந்தது. அதாவது, 'மக்கள் தீர்ப்பு' என்று சொல்லப்பட்டதில் பெரும்பங்கு தொகுதிப் பங்கீட்டின் வேலை. பத்தில் நாலு பேர் அப்போதும் காமராஜர் பக்கம்தான் இருந்தார்கள்.

கோபிசெட்டிபாளையத்தில் மக்களவைக்கு நின்ற சி. சுப்பிரமணியமும் தோற்றார். இந்த ஒரு தோல்வியை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவர் 1952-ல் ராஜாஜி மந்திரிசபையில் இருந்தவர். ராஜாஜியின் சீடர் என்றே பேர். 1964-ல் மத்திய உணவு அமைச்சரானதும் அவர் செய்தது என்ன? விவசாயிக்குக் கட்டுப்படியாகிற விலை கொடுத்தால்தான் விளைவிப்பான் என்று வாதாடி 1965-ல் விவசாய விலைக் குழுவைக் கொண்டுவந்தார். அதே வருஷம் ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் பிறந்தது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில். 1966-ல் 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதையை இறக்குமதி செய்தார். கூட்டுப்பண்ணையை ஓரமாக வைத்துவிட்டு விலை, விதை, உரம் என்று பாதையை மாற்றியவர் அவர்தான்.

அப்படியென்றால் அவர் சோஷலிஸ்டா, சந்தைக்காரரா? விவசாயிக்கு விலை ஒரு தூண்டுகோல் என்றது சுதந்திராவின் வாதம். அந்த விலைக்கு அரசாங்கமே வாங்கிச் சேமிக்க வேண்டும் என்றது சோஷலிச வாதம். ரெண்டையும் சேர்த்துக் கட்டியதுதான் பசுமைப் புரட்சியின் எலும்புக்கூடு. அதைக் கட்டியவரை அரிசிப் பஞ்சத்துக் கோபத்தில் மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பிய அணியில் அவருடைய குருவே இருந்தார். ஒரு வருஷம் கழித்து, 1968-ல், கோதுமை விளைச்சல் எகிறியபோது அவர் மக்களவையில் இல்லை.

தேர்தலுக்குப் பிறகு என்ன நடந்தது? அண்ணாவுக்குத் தனிப் பெரும்பான்மை கிடைத்துவிட்டதால் ராஜாஜியின் தயவு தேவைப்படவில்லை. சுதந்திராவுக்கு மந்திரிசபையில் இடமும் இல்லை. 1967 மே மாதம் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் தொடங்கியது. மாநில அரசின் கஜானா அதற்குமேல் தாங்கவில்லை. லட்சியம் லட்சியமாகவே நின்றது. பஸ் தடங்கள் ஒவ்வொன்றாக அரசுக்குப் போயின. 1972-ல் பல்லவன், பாண்டியன், சோழன், சேரன் என்று போக்குவரத்துக் கழகங்கள் வந்தன. நேரம் தவறாமைக்குப் பேர் போன டி.வி.எஸ். பஸ்களும் அதில் கரைந்தன. சுதந்திரா உதவியோடு ஆட்சிக்கு வந்த கட்சி செய்த வேலை இது.

டெல்லியில் 1969 ஜூலையில் இந்திரா காந்தி 14 வங்கிகளை அரசுடைமையாக்கினார். அண்ணா அதற்குள் காலமாகியிருந்தார், கருணாநிதியின் தி.மு.க. இந்திராவை ஆதரித்தது. சுதந்திரா எதிர்த்தது. அந்தக் கட்சியைச் சேர்ந்த ஆர்.சி. கூப்பர் வழக்குப் போட்டார், பல்கிவாலா வாதாடினார், 1970 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. அரசு உடனே புதுச் சட்டம் கொண்டுவந்து வங்கிகளை வைத்துக்கொண்டது. 1971 தேர்தலில் ராஜாஜி யாரோடு சேர்ந்தார் தெரியுமா? காமராஜரோடு. எந்தக் காமராஜரை இறக்குவதற்காகத் தி.மு.க.வோடு போனாரோ அதே காமராஜரோடு. மக்களவையில் 44 ஆக இருந்த சுதந்திரா 8-க்கு இறங்கியது. 1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி மறைந்தார். 1974-ல் கட்சி சரண் சிங்கின் பாரதிய லோக் தளத்தில் கலந்தது.

இதைப் படித்துவிட்டு, "அப்போ கொள்கை எல்லாம் சும்மா, எல்லாம் பதவி ஆட்டம்தானே?" என்று கேட்பீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ராஜாஜி எழுப்பிய கேள்வி உண்மையான கேள்வி. தி.மு.க. எழுப்பிய அரிசிக் கேள்வியும் உண்மையான கேள்வி. அனுமதிச் சீட்டு அதிகாரம் கட்சியின் கையில் போகக் கூடாது என்பதும், பசித்தவனைச் சந்தை விலைக்காகக் காத்திருக்கச் சொல்லக் கூடாது என்பதும் ஒன்றையொன்று அடிக்கிற விஷயங்களே இல்லை. தாத்தாவுக்கு ஹல்லரும் பாட்டிக்கு அரிசியும் ஒரே சமயத்தில் கிடைத்திருக்க முடியும். கட்சிச் சண்டைதான் அவற்றை எதிரெதிராக நிறுத்தியது. ஒரு பக்கம் சேர்ந்துவிட்டால், அந்தப் பக்கத்தின் முழு மூட்டையையும் தூக்க வேண்டும் என்று ஆகிவிடுகிறது.

பின்னால் நடந்ததையும் கவனியுங்கள். 1976-ல் எமர்ஜென்சி காலத்தில் அரசியல் சட்டத்தின் முகப்புரையில் 'சோஷலிச' என்ற சொல்லைச் சேர்த்தது காங்கிரஸ். 1991 ஜூலையில் தொழில் லைசென்ஸ் முறையைப் பெரும்பாலும் ஒழித்ததும் காங்கிரஸ்தான். நரசிம்ம ராவும் மன்மோகன் சிங்கும் எந்தத் தேர்தலிலும் சுதந்திரச் சந்தைக்கு ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் இல்லை. அந்நியச் செலாவணி கஜானா காலியானதால் செய்தார்கள். சுதந்திரா முப்பது வருஷத்துக்கு முன் கேட்டதில் பெரும்பகுதியை, சுதந்திராவைத் தோற்கடித்த கட்சி செய்து முடித்தது.

இன்னொரு விநோதம். 1989 முதல் நடைமுறையில் இருக்கிற மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவின்படி, ஒரு கட்சி பதிவு செய்ய வேண்டுமென்றால் சோஷலிசக் கோட்பாட்டுக்கு விசுவாசமாக இருப்பதாகத் தன் விதிகளில் எழுதித் தர வேண்டும். ராஜாஜி இன்று உயிரோடு வந்து சுதந்திரா கட்சியைப் பதிவு செய்யப் போனால், சோஷலிசத்துக்குச் சத்தியம் செய்தால்தான் முடியும்! தாராளமயத்தை வெளிப்படையாகப் பேசுகிற கட்சிகள் எல்லாம் அப்படி எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் தேர்தலில் நிற்கின்றன. சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள தூரத்தைச் சட்டமே அங்கீகரித்திருக்கிறது.

அரிசியின் கதையும் நிற்கவில்லை. 1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. 1997-ல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தபோது தமிழ்நாடு எல்லோருக்கும் ரேஷன் என்பதை விடவில்லை. 2008-ல் கிலோ ஒரு ரூபாய் ஆனது. 2011 ஜூன் முதல் விலையே இல்லை. 1967-ல் கஜானா தாங்காத ஒன்றை 2011-ல் தாங்கியது எப்படி? நடுவில் ஸ்ரீபெரும்புதூரும் ஓசூரும் திருப்பூரும் கோவையும் வளர்ந்தன, வரி வந்தது. லைசென்ஸ் முறை விலகியதால் வந்த தொழில், ரேஷன் கடைக்குப் படியளந்தது. அந்த ரேஷன் அரிசியை நம்பித்தான் பல குடும்பங்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்து அந்தத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பின. இதில் எது சோஷலிசம், எது சந்தை என்று கோடு போட்டுப் பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

அதனால் தேர்தலுக்குப் பிந்தைய வாக்குவாதங்களில் நான் இப்போதெல்லாம் 'இசம்' பேச்சு ஆரம்பித்தவுடன் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கிறேன். "இதே திட்டத்தை எதிர்க்கட்சி கொண்டுவந்திருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?" பல பேர் கோபித்துக்கொள்வார்கள். சிலர் கொஞ்சம் யோசித்து, "அப்போ நான் எதிர்த்திருப்பேன்தான்" என்பார்கள். அந்த ஒரு வாக்கியம் வந்துவிட்டால், அதற்கப்புறம் யார் கையெழுத்துப் போடுவது, யார் காசு கொடுப்பது, யார் வரிசையில் நிற்பது என்று பேசலாம். 1967-ல் மேடையில் பேசாமல் விட்டது இந்த மூன்றையும்தான்.

தஞ்சாவூர் பண்ணையாள் சட்டம் களத்தில் எப்படி நடந்தது, மிராசுதார்கள் எப்படியெல்லாம் அதைச் சுற்றிப் போனார்கள் என்பது தனிக் கதை. அடுத்து அதை எழுதலாம் என்றிருக்கிறேன். அந்த ஜில்லாவில் அந்தக் காலத்தை நேரில் பார்த்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், இப்போதே உட்கார்ந்து கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.